காலிக் கோட்டைக்குள் குடும்ப விடுதியில் தங்குவது எப்படி: முதல்முறை போகிறவர்களுக்கு

இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கும் காலி நகரத்தில், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு பழைய கோட்டை இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம் மட்டும் இல்லை அது. மதிலுக்குள் பள்ளிக்கூடம், நீதிமன்றம், பள்ளிவாசல், தேவாலயம், மளிகைக்கடை எல்லாம் இயங்குகின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் வீட்டில் இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். கோட்டைக்குள் தங்க நினைத்தால் அந்த வீடுகள்தான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். மாலையில் கூட்டம் கலைந்தபின் அந்தத் தெருக்களில் நடக்கும் சுகம் உள்ளே தங்குபவர்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் ஹோட்டலுக்குப் போவதுபோல் நினைத்துக்கொண்டு போனால் சிரமப்படுவீர்கள். வரவேற்பு மேசை கிடையாது, லிஃப்ட் கிடையாது, நள்ளிரவில் கதவைத் திறக்க ஆள் இருக்காது. நான் அலைந்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு விசா பகுதி மட்டும் மாறும்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் மார்ச் வரை காலிக்கு நல்ல பருவம். மழை குறைவு, கடல் அமைதி. அதனாலேயே அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நாள் முழுக்கக் கொட்டும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்க முடியாது. கடலில் இறங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இந்த மாதங்கள் லாபம், ஏனென்றால் வாடகையைப் பேசிக் குறைக்க முடியும். அக்டோபர், நவம்பரில் மழை இன்னும் பலமாகவே இருக்கும்.

மூன்று சமயங்களில் கோட்டைக்குள் அறை கிடைப்பது கஷ்டம். ஒன்று, வழக்கமாக ஜனவரி, பிப்ரவரி வாக்கில் நடக்கும் காலி இலக்கிய விழா. இரண்டு, கோட்டை வாசலுக்கு எதிரிலேயே இருக்கும் காலி மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் நாட்கள். மூன்று, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. இந்த நாட்களில் போவதானால் இரண்டு மூன்று மாதம் முன்பே பேசி வையுங்கள். மற்ற நாட்களுக்கு இரண்டு மூன்று வாரம் போதும்.

ஏப்ரல் நடுவில் வரும் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டில் அறையைவிடப் போக்குவரத்துதான் பிரச்சினை. ரயிலும் பஸ்ஸும் பிதுங்கி வழியும், கடைகள் மூடிக்கிடக்கும்.

வார நாட்களில் இரண்டு இரவு தங்குவது சரியான அளவு. சனி, ஞாயிறுகளில் கொழும்பிலிருந்து வருகிற கூட்டமும், மதில்மேல் திருமணப் படம் எடுக்கிறவர்களும் சேர்ந்து தெருவே நிறைந்துவிடும்.

2. விடுதி மதிலுக்குள்தான் இருக்கிறதா?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். முன்பதிவுத் தளங்களில் ‘காலிக் கோட்டை’ என்று தேடினால் வருகிற விடுதிகளில் பாதி மதிலுக்கு வெளியே இருக்கும். பெயரிலேயே ‘ஃபோர்ட்’ என்று இருக்கும், முகப்புப் படத்தில் கலங்கரை விளக்கம் இருக்கும், கடைசியில் விடுதி மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி மாத்தறை சாலையில் இருக்கும். எனக்கு முதலில் காட்டப்பட்ட விடுதிகளில் ஒன்று உனவட்டுனவுக்குப் பக்கத்தில் இருந்தது. உனவட்டுன நல்ல கடற்கரைதான், ஆனால் நாம் தேடுவது அது இல்லையே.

தெருப் பெயரைப் பாருங்கள். கோட்டைக்குள் இருக்கும் தெருக்கள் கொஞ்சம்தான்: சர்ச் ஸ்ட்ரீட், லைட்ஹவுஸ் ஸ்ட்ரீட், லெயின் பான் ஸ்ட்ரீட், பெட்லர் ஸ்ட்ரீட், மிடில் ஸ்ட்ரீட், ஹாஸ்பிடல் ஸ்ட்ரீட், குயின்ஸ் ஸ்ட்ரீட், ராம்பார்ட் ஸ்ட்ரீட், பராவா ஸ்ட்ரீட், நியூ லேன். முகவரியில் இவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலும் உள்ளேதான். ‘காலி ரோடு’, ‘மாத்தறை ரோடு’, ‘வக்வெல்ல ரோடு’ என்று இருந்தால் வெளியே. சந்தேகம் வந்தால் வரைபடத்தில் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிரிக்கெட் மைதானத்துக்குத் தெற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துண்டு முழுவதும் கோட்டை.

எந்தத் தெரு யாருக்கு நல்லது என்றும் சொல்லிவிடுகிறேன். சர்ச் ஸ்ட்ரீட், பெட்லர் ஸ்ட்ரீட், லைட்ஹவுஸ் ஸ்ட்ரீட் மூன்றும் கடைகளும் உணவகங்களும் நிறைந்தவை, மாலைவரை சந்தடி இருக்கும். ராம்பார்ட் ஸ்ட்ரீட் மேற்கு மதிலை ஒட்டி ஓடுகிறது. வாசலைத் திறந்தால் புல்வெளி, அதற்கப்பால் மதில், கடல். காற்றும் அஸ்தமனமும் வேண்டுமென்றால் அங்கே தேடுங்கள். பராவா ஸ்ட்ரீட்டும் நியூ லேனும் அமைதியானவை, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றவை. கலங்கரை விளக்கத்துக்கு எதிரிலேயே மீரான் ஜும்மா பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பக்கத்து வீடுகளில் விடியுமுன் பாங்கு ஓசை தெளிவாகக் கேட்கும். எனக்கு அது பிடித்திருந்தது. சிறு சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறவர்கள் இரண்டு தெரு தள்ளிப் பார்க்கலாம்.

3. பணம் கட்டுமுன் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்

முன்பதிவுத் தளத்தில் அறையைப் பார்த்தாலும், உறுதி செய்யுமுன் வீட்டுக்காரரின் வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசிவிடுங்கள். கோட்டைக்குள் விடுதி நடத்தும் குடும்பங்களில் பல முஸ்லிம் குடும்பங்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், சிங்களமும் சரளமாக வரும். சிங்களக் குடும்பங்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் ஆங்கிலம் செல்லும். தமிழ் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் தமிழ் எழுத்துப் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் குரல் பதிவு அனுப்புவது நல்லது. வாடகை, அறை, தேதி மூன்றையும் மட்டும் எழுத்திலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது. தேதியையும் ஆட்களையும் மாற்றி அப்படியே பயன்படுத்தலாம்:

“வணக்கம். இந்தியாவிலிருந்து எழுதுகிறோம். பெரியவர்கள் இருவர், பத்து வயதுப் பிள்ளை ஒருவர். இந்தத் தேதியில் இரண்டு இரவு அறை வேண்டும். ஏ.சி. அறைக்கு ஒரு இரவுக்கு இலங்கை ரூபாயில் மொத்தம் எவ்வளவு? அதில் காலைச் சாப்பாடும் வரியும் சேர்ந்ததா? அறை கீழ்த்தளமா, மாடியா? அறைக்கு வெளிப்பக்கம் ஜன்னல் உண்டா? குளியலறை அறையோடு சேர்ந்ததா? பிள்ளைக்குக் கூடுதல் கட்டில் போட்டால் எவ்வளவு? மாலை ஐந்து மணி வாக்கில் வந்து சேருவோம்.”

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் உண்டு.

வாடகையை இலங்கை ரூபாயில் கேளுங்கள். தளங்களில் டாலரில் காட்டுவார்கள். வீட்டில் போய்ப் பணம் கொடுக்கும்போது எந்த மாற்று விகிதம் என்று பேச்சு வந்தால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல். ‘வரி சேர்ந்ததா’ என்பதும் அப்படியே. இலங்கையில் மதிப்புக்கூட்டு வரி 2024 முதல் 18 சதவீதம். சிறிய வீட்டு விடுதிகள் பல இதைத் தனியாகப் போடுவதில்லை, பெரியவை போடுகின்றன. சில இடங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் சேரும். சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கணக்குப் போட்டதைவிடக் கால் பங்குக்கு மேல் கூடிவிடும்.

கீழ்த்தளமா என்று கேட்பது வயதானவர்களுக்காக. இந்தக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பழைய வீடுகளை இடித்துக் கட்டவோ மாற்றவோ தொல்லியல் துறை போன்றவற்றின் அனுமதி வேண்டும். அதனால் மாடிப்படிகள் செங்குத்தான மரப்படிகளாகவே இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப்போனால் கீழ்த்தளத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜன்னல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கட்டாயம் கேளுங்கள். இந்த வீடுகள் நம் செட்டிநாட்டு வீடுபோல நீளவாக்கில் போகும்: தெருப் பக்கம் தாழ்வாரம், உள்ளே கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள். முற்றத்தைப் பார்த்த அறை அழகாக இருக்கும். அதற்கும் பின்னால் இருக்கிற அறைகளில் சிலவற்றுக்குக் காற்றே வராது. கடலோர ஈரத்தில் சுவர் ஓதம் கட்டி, மெத்தையிலும் வாடை ஏறியிருக்கும். ஏ.சி. இருந்தாலும் அந்த வாடை போகாது. அறையின் இப்போதைய படம் இரண்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் உடனே அனுப்பிவிடுவார்கள்.

முன்பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. முழு வாடகையையும் வங்கி வழியாக முன்கூட்டி அனுப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தியாவிலிருந்து அனுப்பும் செலவே கணிசம், திரும்ப வாங்குவது நடக்காத காரியம். முன்பணம் கேட்டால் தளம் வழியாகப் பதிவு செய்துவிடுங்கள், ரத்து செய்ய எந்தத் தேதிவரை அவகாசம் என்றும் பார்த்துவிடுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு ‘விடுதியில் வந்து கட்டலாம்’ என்ற வகைதான் பாதுகாப்பானது. பழகிய பிறகு அடுத்த முறை நேரடியாகவே பேசிக்கொள்ளலாம். தளத்துக்குப் போகும் கமிஷன் மிச்சமாவதால் அவர்களே குறைத்துத் தருவார்கள்.

வாடகை எவ்வளவு இருக்கும்? எளிமையான குடும்ப விடுதியில், இருவருக்கான ஏ.சி. அறை, காலைச் சாப்பாட்டோடு, சீசனைப் பொறுத்து 10,000 முதல் 18,000 இலங்கை ரூபாய் என்று எதிர்பார்க்கலாம். மின்விசிறி அறை இதைவிடக் குறைவு. ஒரு இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய் என்று வைத்தால் மூவாயிரம் முதல் ஐயாயிரம் இந்திய ரூபாய் ஆகிறது. உனவட்டுனவில் இதில் பாதிக்கே கிடைக்கும். கோட்டைக்குள் தங்குவதற்காகக் கொடுக்கிற விலை இது.

4. காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் கிளம்புமுன் இ.டி.ஏ. எனப்படும் மின்னணுப் பயண அனுமதியை இணையத்தில் வாங்கிவிடுங்கள். பொதுவாக 30 நாள் தங்க அனுமதிப்பார்கள். கட்டண விதி அடிக்கடி மாறுகிறது. 2023 நவம்பரில் இந்தியர்களுக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது, அதன் பிறகும் பல மாற்றங்கள் வந்தன. ஆகவே யார் சொல்வதையும் நம்பாமல் அரசுத் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘டாட் கவ் டாட் எல்கே’ என்று முடியும். தேடலில் முதலில் வருகிற விளம்பரங்கள் பல தனியார் முகவர்களுடையவை. அச்சு அசல் அரசுத் தளம்போலவே இருக்கும், பல மடங்கு கட்டணம் பிடுங்கும். கைக்குழந்தையாக இருந்தாலும் தனி அனுமதி வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அனுமதியின் அச்சுப் பிரதி, திரும்பி வரும் பயணச்சீட்டு, விடுதி உறுதிச் செய்தி. உங்கள் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கடவுச்சீட்டிலும் அனுமதியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம்மூரில் தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதில் வரும் குழப்பம் இங்கேதான் காலை வாரும். வருகைப் படிவத்தில் இலங்கையில் தங்கும் முகவரியைக் கேட்பார்கள். விடுதியின் கதவு எண், தெரு, வீட்டுக்காரரின் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் இணையம் கிடைக்காமல் போகலாம்.

விடுதியில் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், நகல் எடுப்பார்கள். அது வழக்கமான நடைமுறை. ஆனால் பிணையாகக் கடவுச்சீட்டை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. நகல் எடுத்ததும் கையோடு வாங்கிவிடுங்கள்.

5. பணம்

வீட்டு விடுதிகளில் ரொக்கம்தான் எளிது. விமான நிலைய வருகைக் கூடத்தில் வங்கிகளின் நாணய மாற்றுக் கவுன்டர்கள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்றில் விகிதம் கேட்டு மாற்றுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். டாலராகக் கொண்டுபோனால் மாற்றுவது சுலபம்.

இந்திய டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வீட்டில் இருக்கும்போதே வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள், அங்கே போனபின் ஓடிபி வராமல் தவிக்க வேண்டாம். யுபிஐ 2024 பிப்ரவரியில் இலங்கையில் தொடங்கப்பட்டது. க்யூஆர் வைத்திருக்கும் சில கடைகளில் செல்லும். வீட்டு விடுதியில் அதை நம்பிப் போகாதீர்கள்.

6. விமான நிலையத்திலிருந்து கோட்டை வரை

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் இறங்கும் இடம் கட்டுநாயக்க. அது கொழும்புக்கு வடக்கே இருக்கிறது. காலியோ கொழும்புக்குத் தெற்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆக, விமானத்தில் வந்ததைவிட அதிக நேரம் சாலையில் போகும்.

இரவு ஒன்பது மணிக்குமேல் இறங்கும் விமானமானால் அன்றே காலிக்குப் போகாதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு குடும்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புவது நமக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம்.

போக மூன்று வழி.

டாக்ஸி: விமான நிலையத்திலிருந்தே அதிவேகச் சாலை வழியாகக் காலி வரை போய்விடலாம், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். சுமார் 20,000 இலங்கை ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். அதிவேகச் சாலைக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்று ஏறுமுன் கேளுங்கள். மூன்று நான்கு பேர், மூட்டை முடிச்சோடு போனால் இதுவே சரி. வீட்டுக்காரரிடம் கேட்டால் தெரிந்த ஓட்டுநரை அனுப்புவார், பெயர்ப் பலகையோடு வந்து நிற்பார். பெரும்பாலும் இது விமான நிலைய வாடகையைவிட மலிவு.

பஸ்: மாகும்புரவிலிருந்து காலிக்கு அதிவேகச் சாலை பஸ்கள் போகின்றன, ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். ஏ.சி. உண்டு, மூட்டை வைக்க இடம் குறைவு. பெரிய பெட்டியை இருக்கையில் வைத்தால் அதற்கும் ஒரு டிக்கெட் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. சிரமம் என்னவென்றால், மாகும்புர கொழும்பின் தென்கிழக்குப் புறநகரில் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து அங்கே போவதே தனிப் பயணம்.

ரயில்: கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம். கட்டணம் சில நூறு ரூபாய்தான். கையில் பெரிய சுமை இல்லாமல், பகலில் போனால் நான் ரயிலைத்தான் சொல்வேன். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே சில அடிதான் இருக்கும். மாலை நான்கு மணி முதல் ஏழு மணிவரை வேலை முடிந்து வீடு திரும்புகிற கூட்டம், நிற்கவும் இடம் கிடைக்காது. அந்த நேரத்தைத் தவிருங்கள்.

ஒரு முக்கியமான குழப்பம். கொழும்பிலும் ‘கோட்டை’ இருக்கிறது. டாக்ஸிக்காரரிடம் வெறுமனே ‘ஃபோர்ட்’ என்று சொன்னால் கொழும்பு கோட்டைக்குத்தான் போவார். எப்போதும் ‘காலி’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

காலி ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டிலிருந்தும் கிரிக்கெட் மைதானத்தைச் சுற்றி கோட்டை வாசலுக்குப் பத்து நிமிட நடை. நடக்க முடியாவிட்டால் முச்சக்கர வண்டி. பிக்மீ செயலியில் கூப்பிட்டால் வாடகை முன்பே தெரிந்துவிடும், பேரம் பேச வேண்டியதில்லை. நிலைய வாசலில் ஒருவர் வந்து ‘அந்த விடுதி மூடிவிட்டது’, ‘அங்கே தண்ணீர் இல்லை, நல்ல இடம் காட்டுகிறேன்’ என்று சொல்லக்கூடும். கமிஷன் வரும் இடத்துக்கு அழைத்துப்போகிற பேச்சு அது. அங்கேயே நின்று வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள், பேச்சு நின்றுவிடும். இதற்காகவே விமான நிலையத்தில் இறங்கியதும் டயலாக் அல்லது மொபிடெல் சிம் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. கடவுச்சீட்டைக் காட்டினால் சில நிமிடங்களில் தருவார்கள்.

7. வீட்டு வாசலில்

ரயிலோ பஸ்ஸோ ஏறியதும், எத்தனை மணிக்கு வருவோம் என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். கடையையும் விடுதியையும் சேர்த்துப் பார்க்கிற குடும்பங்கள் உண்டு. வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மா தொழுகைக்குப் போயிருப்பார்கள். அறை பொதுவாகப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தயாராகும். முன்னதாகப் போனால் பெட்டியை வைத்துவிட்டு ஊர் சுற்றலாம், யாரும் மறுப்பதில்லை.

பணம் கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். வெந்நீர் வருகிறதா, கொசுவலை கிழியாமல் இருக்கிறதா, கதவுத் தாழ் சரியாக விழுகிறதா, ஏ.சி. ஓடுகிறதா. ஐந்து நிமிட வேலை. குறை இருந்தால் அப்போதே சொல்லுங்கள், சரிசெய்து தருவார்கள் அல்லது அறையை மாற்றித் தருவார்கள். மறுநாள் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. கொசுவலையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், இலங்கையில் டெங்கு உண்டு.

மின் செருகியில் ஒரு சின்னச் சிக்கல். பழைய வீடுகளில் நம்மூர் மாதிரி உருண்டை முள் சாக்கெட் இருக்கும், புதிதாக மாற்றியவற்றில் சதுர முள். ஒரு அடாப்டர் கொண்டுபோங்கள்.

வாசல் சாவி எப்படி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் உங்களிடமே ஒரு சாவி தருவார்கள், சிலர் பத்துப் பத்தரைக்குள் வந்துவிடச் சொல்வார்கள்.

8. காலைச் சாப்பாடு, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு

இந்த விடுதிகளின் பெரிய வரம் காலைச் சாப்பாடுதான். பலரும் கேட்காமலே டோஸ்ட், முட்டை, பழம் என்று மேல்நாட்டுச் சாப்பாடு வைத்துவிடுவார்கள். முந்தின இரவே ‘எங்களுக்கு உங்கள் வீட்டுச் சாப்பாடு போதும்’ என்று சொல்லிவிடுங்கள். இடியாப்பம், சொதி, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பிட்டு, ரொட்டி என்று மேசை நிறையும். இடியாப்பத்துக்கு அதிகாலையிலேயே மாவு பிசைய வேண்டும், அல்லது வெளியே சொல்லிவைத்து வாங்க வேண்டும். காலையில் எழுந்து கேட்டால் கிடைக்காது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மாசி. மாலைதீவு மாசிக் கருவாட்டைப் பொடித்துச் சம்பலிலும், சில வீடுகளில் பருப்பிலும் காய்கறியிலும்கூடப் போடுவார்கள். பார்த்தால் தெரியாது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொண்டு, மாசி போட்ட சம்பலை அன்போடு பரிமாறுவார்கள். ‘மாசியும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பகலில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள், ஆனால் விருந்தினருக்குக் காலைச் சாப்பாடு செய்து தருகிற வீடுகள் உண்டு. எத்தனை மணிக்கு வசதிப்படும் என்று அவர்களிடமே கேட்டு ஒத்துப்போங்கள்.

மதியம், இரவுக்குக் கோட்டைக்குள் இருக்கும் உணவகங்களில் ஒருவருக்கு 2,000, 3,000 ரூபாய் எளிதாக ஆகிவிடும். பஸ் நிலையப் பக்கம் போனால் சோறும் கறியும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஒரு வேளையாவது வீட்டிலேயே சமைத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். விலையை முன்பே பேசிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

9. தங்கும் நாட்களில்

நீங்கள் இருப்பது ஒருவருடைய வீடு. செருப்பைத் தாழ்வாரத்திலேயே விடுங்கள். குடும்பம் புழங்கும் உள்பகுதிக்குக் கேட்காமல் போகாதீர்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். பல முஸ்லிம் வீடுகளில் மது அனுமதி இல்லை, அறைக்குள்ளும் கூடாது. வயதில் மூத்தவரை ‘நானா’ என்று கூப்பிடலாம், ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ என்றாலும் யாரும் தவறாக எடுப்பதில்லை. பௌர்ணமி நாளான போயாவில் நாடு முழுக்க விடுமுறை, மது விற்பனை கிடையாது, அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும்.

மதிலைச் சுற்றி நடக்கக் காலை ஆறு மணியும் மாலை ஐந்து மணியும் நல்ல நேரம். நடுப்பகலில் நிழலே கிடையாது. மதிலின் பல இடங்களில் தடுப்புச் சுவர் இல்லை, விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஃபிளாக் ராக் பாறையிலிருந்து கடலுக்குள் குதித்துக் காட்டுகிற உள்ளூர் இளைஞர்களைப் பார்ப்பீர்கள். ஆழமும் பாறையும் தெரிந்த அவர்களுக்கே ஆபத்தான விளையாட்டு அது. பார்த்துவிட்டு ‘நாமும் ஒருமுறை’ என்று இறங்காதீர்கள்.

தெருவில் யாராவது நட்பாகப் பேசி ரத்தினக்கல் கடைக்கு அழைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். கல் வாங்கும் ஆசை இருந்தால் வீட்டுக்காரரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912. காலியின் பெரிய அரசு மருத்துவமனை கராப்பிட்டியவில் இருக்கிறது.

10. கிளம்பும் நாள்

முந்தின இரவே கணக்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள். இரவுச் சாப்பாடு, துணி துவைத்தது, வண்டி பேசியது எல்லாம் அதில் சேர்ந்திருக்கும், பொறுமையாகப் பார்க்க நேரம் வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு ஏதாவது கொடுக்க விரும்பினால் அவர் கையிலேயே கொடுங்கள்.

டாக்ஸியில் போனால் விமான நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பும், ரயிலில் கொழும்பு போய் அங்கிருந்து விமான நிலையப் பஸ் பிடிப்பதானால் எட்டு மணி நேரம் முன்பும் கோட்டையை விட்டுக் கிளம்புங்கள். அதிகாலை விமானமானால் கடைசி இரவை மறுபடி நீர்கொழும்பில் வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. மீதமுள்ள இலங்கை ரூபாயை விமான நிலைய வங்கிக் கவுன்டரிலேயே மாற்றிவிடுங்கள். வரும்போது மாற்றிய ரசீதைக் கேட்டால் காட்ட வேண்டும், சென்னையில் அந்த நோட்டுக்கு நல்ல விகிதம் கிடைக்காது.